ஹைட்ரசின் ரீடிங் ஒத்துவரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் பாய்லர் தண்ணீர் சாம்பிள் பார்க்கும் சின்ன லேபில் வேலை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். கையில் நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோ, ஒரு தராசு, ரியேஜென்ட் பாட்டில்கள். இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ரீடிங் சந்தேகமாக வந்தால் பெரும்பாலோர் முதலில் கருவியைத் திட்டுவார்கள், அடுத்து ரியேஜென்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவார்கள். ஹைட்ரசினைப் பொறுத்தவரை தப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே, சாம்பிள் குழாய்க்கும் லேப் மேசைக்கும் நடுவில் நடந்து முடிந்திருக்கும். ஆக்சிஜனைத் தின்பதற்காகவே பாய்லரில் போடப்படும் பொருள் அது. பாட்டிலுக்குள் வந்ததும் அந்த வேலையை நிறுத்திவிடாது.

முறையை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். 1952-ல் வாட், கிறிஸ்ப் இருவரும் வெளியிட்ட மஞ்சள் நிற முறைதான் இன்றும் நம் கையில் இருப்பது. பாரா டைமெத்தில் அமினோ பென்சால்டிஹைடு, சுருக்கமாக பி.டி.ஏ.பி., அமிலத்தில் ஹைட்ரசினோடு சேர்ந்து மஞ்சள் அசினாக மாறும். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வெளியிட்ட டி1385 முறைப்படி 4 கிராம் பி.டி.ஏ.பி.யை 200 மில்லி மெத்தனாலிலும் 20 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரைக்க வேண்டும். 50 மில்லி கரைசலுக்கு இதில் 10 மில்லி. குறைந்தது 10 நிமிடம் கழித்து, 100 நிமிடத்துக்குள், 458 நானோமீட்டரில் அளக்க வேண்டும். தெரிந்த அளவு ஹைட்ரசின் உள்ள ஸ்டாண்டர்டு கரைசல்களை வைத்து வரையும் கோடு லிட்டருக்கு 5 முதல் 200 மைக்ரோகிராம் வரை நேராக நிற்கும்.

சாம்பிளில் ஒன்றுமே வரவில்லை. ஸ்டாண்டர்டு ஒழுங்காக வருகிறது

முதல் வேலை, பாய்லர் ஆபரேட்டருக்குப் போன் போட்டு, “அண்ணா, டோஸிங் டேங்க் பக்கத்துல இருக்கிற கேன்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க” என்று கேட்பது. “ஆக்சிஜன் ஸ்கேவெஞ்சர்” என்ற பொதுப்பெயரில் வருவதெல்லாம் ஹைட்ரசின் இல்லை. குறைந்த அழுத்த பாய்லர்களில் சோடியம் சல்பைட் ஓடுவதுதான் அதிகம். அதற்கு பி.டி.ஏ.பி. நிறம் கொடுக்காது. டை எத்தில் ஹைட்ராக்சில் அமீன் போட்டாலும் கொடுக்காது. கார்போஹைட்ரசைட் மட்டும் சூட்டில் உடைந்து ஹைட்ரசினாக மாறுவதால் கொஞ்சம் மஞ்சள் காட்டிக் குழப்பும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மலையில் பல தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகு அடுப்பின் சூடான காற்றே போதும், பாய்லர் கிடையாது. கிரீன் டீக்காக இலைக்கு நீராவி பிடிக்கும் இடங்களில் உண்டு. அந்த நீராவி நேராக இலையைத் தொடுகிறது. உணவைத் தொடும் நீராவிக்கான அமெரிக்க விதி, நீராவியில் ஹைட்ரசின் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஹைட்ரசினை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில், வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பாய்லரிலிருந்து வந்த சாம்பிளில் மஞ்சள் வந்தால் லேபில் பிழை தேடுவதோடு நிறுத்தாதீர்கள். தொழிற்சாலையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேனில் இருப்பது ஹைட்ரசின்தான் என்று உறுதியானால், சாம்பிள் எடுத்த இடத்தைக் கேளுங்கள். பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டரில் எடுத்தார்களா, உள்ளே தண்ணீர் கொதிக்கும் பாய்லர் டிரம்மில் எடுத்தார்களா? உயர் அழுத்த பாய்லரின் சூட்டில் ஹைட்ரசின் அம்மோனியாவாகவும் நைட்ரஜனாகவும் சிதைந்துவிடும். டிரம் தண்ணீரில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அது லேபின் குற்றமில்லை. ஃபீட் வாட்டர்தான் பார்க்க வேண்டிய இடம்.

ரீடிங் வருகிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தூரத்துச் சாம்பிளில் இன்னும் குறைவு

அதிகம் வரும் புகார் இது. கூடலூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பாட்டில் மதியம் மேசைக்கு வருகிறது. பாதி பாட்டில் காற்று, வளைவுக்கு வளைவு குலுக்கல், வெள்ளை பிளாஸ்டிக்கின் வழியே வெயில். இதைவிட நன்றாக ஒரு சாம்பிளில் ஆக்சிஜனைக் கலக்க நாமே முயன்றாலும் முடியாது. 1 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 மில்லிகிராம் ஹைட்ரசினை முடித்துவிடும். காற்றோடு குலுங்கிய குளிர்ந்த தண்ணீரில், இந்த உயரத்திலும்கூட, லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். நாம் தேடுவது மைக்ரோகிராம் கணக்கு. கார நிலையில், தாமிரம் கொஞ்சம் கலந்திருந்தால், இந்த வினை வேகமெடுக்கும். பாய்லர் தண்ணீரோ காரம்தான்; பழைய சாம்பிள் கூலரின் சுருளோ தாமிரம்தான்.

சரிசெய்யும் வழி டி1385-லேயே இருக்கிறது, யாரும் செய்வதில்லை. 100 மில்லி குடுவையில் 1 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை லேபிலேயே போட்டு மூடி அனுப்புங்கள். ஆபரேட்டர் குழாயடியில் 50 மில்லி சாம்பிளைப் பிப்பெட்டில் எடுத்து அதற்குள் விட்டு, கூடவே அனுப்பிய நல்ல தண்ணீரால் கோடுவரை நிரப்பட்டும். அமிலம் முதலில், சாம்பிள் பிறகு. அமிலத்தில் ஹைட்ரசின் ஹைட்ரசினியம் அயனியாகி அடங்கிக் கிடக்கும். குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட வேண்டும். கையில் பிடிக்கும் சூட்டுக்குத் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். பிப்பெட் போடும் பாத்திரத்தின் அடிவரை குழாய் முனை போக வேண்டும், மேலிருந்து சலசலவென்று ஊற்றக்கூடாது. அமிலம் உள்ள குடுவையை பஸ்ஸில் அனுப்பக் கூடாது. ஆள் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், கண்ணாடி, கையுறை இல்லாமல் கொடுக்கவும் கூடாது.

அதற்குப் பிறகும் குறைகிறதா? இரண்டு இடத்தில் ஸ்பைக் போட்டுப் பாருங்கள். தெரிந்த அளவு ஹைட்ரசினை ஒரு குடுவையில் குழாயடியிலேயே சேர்த்து எடுத்துவாருங்கள். இன்னொரு குடுவையில் வெறும் சாம்பிளை எடுத்துவந்து, லேபில் அதே அளவைச் சேருங்கள். லேபில் சேர்த்தது முழுசாகத் திரும்பி, குழாயடியில் சேர்த்தது குறைந்தால், வழியில் தொலைந்திருக்கிறது. இரண்டும் குறைந்தால் சாம்பிளுக்குள்ளேயே ஹைட்ரசினைத் தின்னும் ஏதோ இருக்கிறது. இரண்டும் முழுசாக வந்தால் வாயை மூடிக்கொண்டு ரிப்போர்ட் எழுதலாம், பாய்லரில் டோஸ்தான் குறைவு. இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும் நேரத்தை வேறு எதுவும் மிச்சப்படுத்தாது.

சின்ன ஸ்டாண்டர்டுகள் காணாமல் போகின்றன. பெரியவை நேர்கோட்டில் நிற்கின்றன

10, 25 மைக்ரோகிராம் ஸ்டாண்டர்டுகள் ஹைட்ரசினே சேர்க்காத பிளாங்கைப் போலவே இருக்கின்றன, 100-ம் 200-ம் சரியாக ஏறுகின்றன, கோடு பூஜ்யத்தைத் தொடாமல் வலப்பக்கம் தள்ளி வெட்டுகிறது என்றால், தண்ணீரைச் சந்தேகியுங்கள். குளோரின். அயனி நீக்கிய தண்ணீர் தரும் டி.ஐ. கேட்ரிட்ஜ் தீர்ந்துபோய், முனிசிபல் தண்ணீரின் குளோரின் உள்ளே வருகிறது. 1 மில்லிகிராம் ஹைட்ரசினை முடிக்க ஏறக்குறைய 4.4 மில்லிகிராம் குளோரின் வேண்டும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500 குடிநீரில் கேட்கும் குறைந்தபட்ச எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். கணக்குப் போட்டால் அந்தக் கொஞ்சமே 45 மைக்ரோகிராம் ஹைட்ரசினை விழுங்கிவிடும். குளோரின் தீர்ந்தபின் மிச்ச ஹைட்ரசின் தப்பிக்கும், அதனால்தான் பெரிய ஸ்டாண்டர்டுகள் நல்ல பிள்ளையாக நிற்கின்றன.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பிலேயே டி.ஐ. தண்ணீரைச் சோதிக்கலாம். லேசான நிறம் தெரிந்தாலும் அந்தத் தண்ணீர் இந்த வேலைக்கு ஆகாது. நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு கேட்ரிட்ஜை மாற்றுவதுதான், கார்பன் வடிகட்டியையும் சேர்த்து.

எப்போதும் ஒரே விகிதத்தில் தப்பு

இது எனக்குப் பிடித்த பிழை, ஏனென்றால் எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். வேறொரு லேபின் முடிவோடு உங்கள் முடிவை வகுத்துப் பாருங்கள்.

சரியாகப் பாதி வந்தால், 50 மில்லியை 100 ஆக்கியதைக் கணக்கில் இரண்டால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். 1.56 மடங்கு கூடுதலாக வந்தால், ஹைட்ரசின் ஹைட்ரேட்டை எடைபோட்டு அதையே ஹைட்ரசின் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹைட்ரேட்டில் 64 சதவீதம்தான் ஹைட்ரசின். 4.06 மடங்கு என்றால் ஹைட்ரசின் சல்பேட்டின் எடை அப்படியே உள்ளே போயிருக்கிறது. 3.28 என்றால் டைஹைட்ரோகுளோரைடு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரசின் வேண்டுமென்றால் சல்பேட் 0.406 கிராம், டைஹைட்ரோகுளோரைடு 0.328 கிராம். இந்த இரண்டு எண்ணையும் தராசுக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள்.

சப்ளையர் சான்றிதழிலும் இதே குழப்பம் நடக்கும். “80 சதவீத ஹைட்ரசின் ஹைட்ரேட்” என்றால் ஹைட்ரசின் கணக்கில் 51 சதவீதம். “35 சதவீத ஹைட்ரசின்” என்றால் ஹைட்ரேட் கணக்கில் ஏறக்குறைய 55. ஆபரேட்டர் டோஸ் கணக்கு எதை வைத்துப் போட்டார் என்று கேட்காமல் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ரீடிங் ஏறிக்கொண்டே போகிறது, நிற்க மாட்டேன் என்கிறது

டிசம்பர், ஜனவரி காலை. வெளியே புல்லில் உறைபனி, லேபுக்குள் 10 டிகிரி. முறையில் சொன்ன 10 நிமிடம் சாதாரண அறை வெப்பத்துக்கானது. குளிரில் நிறம் சோம்பேறியாகத்தான் வரும். காலை போட்ட ஸ்டாண்டர்டு கோடும் மதியம் அளந்த சாம்பிளும் ஒன்றோடொன்று பேசாது. வெந்நீர் கலந்த ஒரு டப் போதும். ஸ்டாண்டர்டு, சாம்பிள், பிளாங்க், ரியேஜென்ட் எல்லாவற்றையும் அதில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தபின் கலக்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே காத்திருப்பு நேரம், 15 நிமிடமென்றால் கடைசிவரை 15 தான். அறையைச் சூடாக்கக் காயில் ஹீட்டரை மேசையருகே இழுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ரியேஜென்டில் பெரும்பகுதி மெத்தனால். வேண்டாம்.

ஏறாமல் தாறுமாறாகக் குதித்தால், கரைசல் ஊற்றி அளக்கும் சின்னக் கலமான க்யூவெட்டைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். கீழ்ப்பாதியில், கரைசல் நிற்கும் உயரம்வரை, மெல்லிய பனி படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் கோடு விழும். குளிர்ந்த சாம்பிள், கெட்டில் ஓடிய ஈர அறை, அவ்வளவுதான் காரணம். துடைத்தாலும் அரை நிமிடத்தில் மறுபடி வரும். டப்பில் வைத்துச் சூடேற்றியபின் துடைத்தால் வராது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய் வந்தால், விளக்கு மறுபடி நிலைக்க அரைமணி கொடுங்கள், பிளாங்கையும் மறுபடி வையுங்கள்.

பிளாங்கே மஞ்சள்

ரியேஜென்ட் பழசு, அல்லது வெளிச்சத்தில் நின்றது. பழுப்பு பாட்டில், குறைந்த அளவில் கலக்குதல். புதிதாகக் கலந்தும் மஞ்சளென்றால் பி.டி.ஏ.பி. தூளே கெட்டுவிட்டது. வேறு பாட்டில் திறக்க வேண்டியதுதான்.

ஹைட்ரசினே போடாத தண்ணீரில் ஹைட்ரசின் வருகிறது

மூன்று பேரைச் சந்தேகிக்கலாம். ஒன்று, துரு. நீராவி குளிர்ந்து தண்ணீராகத் திரும்பும் கண்டென்சேட் லைனில் வந்த இரும்புத் துகள் அமிலத்தில் கரைந்து ஃபெரிக் குளோரைடாகி லேசான மஞ்சள் தரும். பாட்டிலில் கலங்கலாகத் தெரிந்தது, அமிலம் பட்டதும் தெளிவாகிவிட்டதால் “சாம்பிள் நல்லா இருக்கு” என்று எழுதிவிடுவோம். இரண்டாவது, சோலைக்காட்டு ஓடையும் கரி மண் சதுப்பும் கொடுக்கும் டீ நிறத் தண்ணீர். மழைக்குப் பின், பாய்லருக்குப் புதிதாகச் சேர்க்கும் மேக்கப் தண்ணீரில் அது அப்படியே தெரியும். மூன்றாவது யூரியா. தேயிலைத் தோட்டத்துச் சரிவுக்குக் கீழே தண்ணீர் எடுத்தால் நினைவில் வையுங்கள். அதுவும் பி.டி.ஏ.பி.யோடு மஞ்சள் தரும், ஆனால் மில்லிகிராம் கணக்கில் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், அதனால் சந்தேகப் பட்டியலில் கடைசி.

கண்டுபிடிக்க ஒரு நேரடி வழி உண்டு. அமிலம் சேர்க்காத சாம்பிளில் தனியாக ஒரு பங்கு எடுத்து, சமபங்கு தண்ணீரில் கலந்த வீட்டு பிளீச்சில் ஒரே ஒரு துளி விடுங்கள். ஹைப்போகுளோரைட் ஹைட்ரசினை அழித்துவிடும். சில நிமிடம் கழித்து ரியேஜென்ட் சேர்த்து அளந்தால், மிச்சம் தெரியும் மஞ்சள் ஹைட்ரசினுடையது இல்லை. அதையே பிளாங்காக வைத்துச் சாம்பிளை அளந்தால் பின்னணி நிறம் கழிந்துவிடும். இன்னும் சுத்தமான வழி, பி.டி.ஏ.பி. மட்டும் இல்லாத மெத்தனால்–அமிலக் கலவையைச் சாம்பிளில் சேர்த்து அதன் அப்சார்பன்ஸைக் கழிப்பது; துருவுக்கும் டீ நிறத்துக்கும் இது போதும், யூரியாவுக்கு உதவாது.

அம்மோனியாவை எல்லோரும் குற்றம் சொல்வார்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை அது தொந்தரவு செய்யாது.

நிறம் அடர்த்தியாக வந்துவிட்டது, கோட்டுக்கு மேலே போகிறது

நிறம் வந்த கரைசலில் தண்ணீர் சேர்த்து அளக்காதீர்கள். அமிலமும் சேர்ந்து நீர்த்துப்போகும், அந்த மஞ்சளின் அடர்த்தி அமிலத்தைப் பொறுத்தது. சாம்பிளை நீர்த்து, முதலிலிருந்து போடுங்கள்.

கேனில் உள்ள அடர் கரைசலை டைட்ரேட் செய்தால் முடிவுப்புள்ளி வரவில்லை

அடர் கரைசலுக்கு ஸ்பெக்ட்ரோ வேண்டாம், பொட்டாசியம் அயோடேட் டைட்ரேஷன்தான் நம்பகம். மூடியுள்ள குடுவையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கொஞ்சம் குளோரோஃபார்ம். அயோடேட் விழ விழ அடியில் குளோரோஃபார்ம் ஊதா ஆகும், உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல வெளுத்து, ஒரு சொட்டில் ஊதா முழுக்கப் போகும். அதுதான் முடிவு. 0.025 மோலார் அயோடேட் 1 மில்லிக்கு 0.801 மில்லிகிராம் ஹைட்ரசின்.

ஊதா போகவே மாட்டேன் என்றால் அமிலம் போதவில்லை. அயோடின் மோனோகுளோரைடு நிலைத்து நிற்கக் கடைசிவரை குறைந்தது 3 மோலார் அமிலமாவது வேண்டும். பியூரெட்டிலிருந்து விழும் கரைசலும் அமிலத்தை நீர்த்துக்கொண்டே போகிறது என்பதை ஆரம்பத்திலேயே கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் மூடிக் குலுக்குங்கள். நைட்ரஜன் வெளிவருவதால் மூடியை அவ்வப்போது மெல்லத் திறந்து விடுங்கள். அவசரப்பட்டால் முடிவைத் தாண்டிப் போவது நிச்சயம்.

அயோடினை நேரடியாக வைத்து டைட்ரேட் செய்பவர்களுக்குப் பிழை எதிர்ப்பக்கம். அங்கே சோடியம் பைகார்பனேட் வேண்டும். அமிலத்தில் வினை இழுபறியாகும். காஸ்டிக் போன்ற காரம் மிஞ்சினால் அயோடினே அதில் செலவாகி முடிவு கூடுதலாக வரும்.

பென்சால்டிஹைடு போட்டு எச்.பி.எல்.சி.யிலோ ஜி.சி.யிலோ பார்க்கும்போது தெரியாத பீக்

கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் ஒரு பீக்காகக் காட்டும் இந்தக் கருவிகளில், மருந்து மூலப்பொருளில் மிகச் சிறிய அளவைத் தேடுபவர்களுக்கு மட்டும் இது. ஹைட்ரசினை பென்சலசினாக மாற்றி அளக்கிறோம். திறந்துவைத்த பென்சால்டிஹைடு காற்றில் பென்சாயிக் அமிலமாகிவிடும், புதிதாகக் காய்ச்சி வடித்ததையே எடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை அசிட்டோனில் அலசிக் காயவைக்கும் வழக்கம் இங்கே ஆபத்து, குளிரில் சீக்கிரம் காய வேறு வழியில்லை என்று எல்லோரும் செய்வது. அசிட்டோனும் ஹைட்ரசினோடு சேர்ந்து அசினாகும், உங்கள் பீக் சின்னதாகும், பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். மெத்தனாலில் அலசுங்கள்.

காற்றுச் சாம்பிள்: பம்ப் கோவையில் சரிபார்த்தது, ரீடிங் ஊட்டியில்

டோஸிங் அறைக் காற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குள் குமிழவிட்டுப் பிடித்து, அதே பி.டி.ஏ.பி. முறையில் அளக்கலாம். அமெரிக்க நியோஷ் அமைப்பின் 3503-ஆம் முறை அதுதான். கண்ணாடிக் குழாயில் பிடித்த மைக்ரோகிராம் சரியாக இருந்தும் பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) தப்பாக வருவது மலையில் மட்டுமே வரும் கோளாறு. புத்தகத்தில் 1 பி.பி.எம். என்றால் கனமீட்டருக்கு 1.31 மில்லிகிராம் என்றிருக்கும். அது கடல் மட்டத்துக்கும் 25 டிகிரிக்கும் உரியது. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவில்தான். 15 டிகிரியில் 1 பி.பி.எம். ஏறக்குறைய 1.03 மில்லிகிராம்தான். உள்ளபடி இழுத்த காற்றின் கனஅளவை வைத்துக்கொண்டு 1.31-ஆல் வகுத்தால் பி.பி.எம். ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். அமெரிக்கத் தொழிலிடச் சுகாதார அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். சொல்லும் எட்டு மணிநேர வரம்பு 0.01 பி.பி.எம்., அந்த ஓரத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது “பரவாயில்லை”க்கும் “அறையை மூடு”க்கும் உள்ள வித்தியாசம். ஓட்ட வேகத்தை அளக்கும் இடத்திலேயே சோப்புக் குமிழி மீட்டரில் மறுபடி சரிபாருங்கள், அழுத்தமும் வெப்பமும் அன்றைய எண்களாகத் தாளில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து கழிவைக் கொட்டும்போது, பிளீச் ஹைட்ரசினை அழிக்கும் என்று கேட்டவுடன் எல்லாக் கழிவையும் ஒரே வாளியில் ஊற்றி பிளீச் விடக்கூடாது. பி.டி.ஏ.பி. கழிவிலும் அயோடேட் கழிவிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பிளீச் பட்டால் குளோரின் வாயு. ஜன்னல் சாத்திய குளிர்கால லேபில் அது யாரையும் படுக்கவைக்கும். அமிலக் கழிவைத் தனிக் கேனில் சேர்த்து, குளோரோஃபார்மைப் பிரித்து வையுங்கள். அடர் ஹைட்ரசின் சிந்தினால் நேரடியாக பிளீச் வேண்டாம். முதலில் நிறையத் தண்ணீர், நன்றாக நீர்த்தபின்தான் ஹைப்போகுளோரைட், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய துணியாலோ மரத்தூளாலோ துடைத்து மூலையில் போட்டுவைக்காதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது.